பாலத்தில் நின்ற பஸ்

மூன்றாவது அடியில் டிரைவர் பாவாடையின் உதடு கிழிந்தது. பழைய ஃபேன் பெல்ட்டை இரண்டாக மடித்துப் பிடித்திருந்தார் பள்ளிக்கூடத்தின் பஸ் மேனேஜர் அருள்முருகன். டீசல் திருடனுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

"ஒத்துக்கடா. உறிஞ்சி உறிஞ்சி எங்க வித்த?"

"என் கொழந்தைங்க மேல சத்தியமா நான் எடுக்கல சார். டேங்க் நெறைய இருந்தா வண்டி ஓடுது, கொறைஞ்சாதான் நிக்குது. அதைத்தானே நானும் சொல்லிட்டே இருக்கறேன்."

"நெறைய ஊத்தினா நெறைய உறிஞ்சலாம்னு பாக்கறியா?"

நான்காவது அடி காதோரம் விழுந்தது. பாவாடை, பஸ்ஸின் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பள்ளித் தாளாளர் பாக்கியலட்சுமி அம்மாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் அன்வருதீனுக்கு ஒவ்வொரு அடியும் தன் முதுகிலேயே விழுந்தது. உழவர்கரையில் அவர் ஒர்க்‌ஷாப் ஓடுவதே இந்தப் பள்ளியின் ஏழு பஸ்களை நம்பித்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு மாதமாக இந்த பஸ் சண்டித்தனம் செய்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இன்ஜின் அணைந்துவிடும். ஐந்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பாவாடை ஓட்டி எட்டு தடவை நின்றாயிற்று.

டீசல் திருடுகிறான் என்று முந்தாநாள் அவனை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அப்படியும் நேற்று நோணாங்குப்பம் பாலத்தில், முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு பஸ் நின்றுபோனது. பின்னால் வந்த மணல் லாரி ஒரு முழ தூரத்தில் பிரேக் பிடித்தது. பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

"ஸ்டீரிங் அப்படியே கல்லா இறுகிடுச்சிம்மா. என் உசிரே போயிடுச்சி" என்றார் அருள்முருகன். "வேலைய விட்டு எறக்கின வஞ்சத்துல இவன் வண்டியில என்னமோ பண்ணி வெச்சிருக்கான்."

"என்னதான் கோளாறு பாய்?" அம்மாள் முதல்முறையாகப் பேசினார்.

"ஃபில்டர் புதுசும்மா. பம்ப்பு நல்லாருக்கு. லைன்ல ஏர் புடிக்கவும் இல்ல. டேங்கத்தான் பாக்கணும்."

அன்வருதீன் வெளியே வந்து டேங்க் மூடியைத் திறந்தார். அதன் வாயில் இருக்கவேண்டிய சல்லடையைக் காணோம்.

"டியூப் விடறதுக்குக் கழட்டிட்டான்" என்று பாவாடையின் விலாவில் ஓர் உதை விட்டார் அருள்முருகன்.

"மொதல்ல மிச்ச டீசல எடுக்கணும். அடி நட்டு துருவேறி அசையல. டியூப் ஏதாவது இருந்தா குடுங்க சார்."

அருள்முருகன் தன் கார் டிக்கியைத் திறந்து ஒரு டியூபை எடுத்து வீசினார். அன்வருதீன் அதன் ஒரு முனையை வாயில் வைத்தார். மறுமுனையை டேங்குக்குள் விடுவதற்குள்ளேயே டீசல் கசப்பு நாக்கில் ஏறியது. த்தூவென்று துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கேன் பாதிகூட நிரம்பவில்லை. டார்ச் அடித்து, கம்பியை வளைத்து உள்ளே துழாவியதில் ஏதோ மாட்டிக்கொண்டு வந்தது. வாய் கட்டிய சின்ன பாலிதீன் பை. உள்ளே காற்றும், மடித்த சீட்டும், துளி குங்குமமும்.

"சூனியமாடா வெக்கிற? அத்தனை பிள்ளைங்களையும் கொல்லப் பாத்தியாடா?"

அருள்முருகன் கையில் ஜாக்கி ராடு உயர்ந்தது. தலையை மூடிய பாவாடையின் முழங்கையில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அன்வருதீனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கைய எறக்குப்பா" என்று எழுந்தார் பாக்கியலட்சுமி. "அதைப் போட்டது நான்."

அருள்முருகன் மறுபடி தூக்கிய ராடோடு திரும்பினார்.

"ஊத்தின டீசல் ஊத்தினபடி கொறையுதேன்னு போன மாசம் ஒரு சாமியார்கிட்ட மந்திரிச்சி வாங்கினேன். திருடன் கையில ஸ்டீரிங் போனா வண்டி நட்டநடு ரோட்டுல நின்னுடும்னார். சீட்டு நனையக் கூடாதுன்னு பையில கட்டிப் போட்டேன்."

பத்தாயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அம்மாள். அன்வருதீனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அருள்முருகன் முகத்திலோ கல்யாணக் களை. "பலிச்சிடுச்சி பாத்தீங்களாம்மா? இவன் கையில எட்டு தடவ நின்னுச்சே."

பாவாடை ரத்தத்தைத் துப்பினான். "நேத்து பாலத்துல ஓட்டுனது நீங்கதானே சார்?"

அருள்முருகன் ராடைச் சட்டென்று கீழே போட்டார். அம்மாள் அவரையே பார்த்தார்.

"மந்திரமாவது மண்ணாவது. படிச்சவங்க நீங்க, இதையெல்லாம் போயி நம்பிக்கிட்டு. பாய், நீ சொல்லு" என்றார் அருள்முருகன்.

"மந்திரம் இல்லம்மா" என்றார் அன்வருதீன். "டேங்க் நெறைய இருந்தா பை மேல மெதக்கும். டீசல் கொறைஞ்சா அடிக்கு எறங்கி, இன்ஜினுக்குப் போற குழாய் வாயில ஒட்டிக்கும். இன்ஜின் நின்னதும் தானா விட்டுடும். யாரு ஓட்டுனாலும் நிக்கும்."

"அப்படிச் சொல்லு" என்று பெருமூச்சு விட்டார் அருள்முருகன். "டீசல கொறைச்ச திருட்டு நாய் இதோ கெடக்குது."

பாவாடையின் கை முழங்கைக்குக் கீழே துவண்டு தொங்கியது. அன்வருதீன் அதைப் பார்த்தார். ஏழு பஸ்ஸும் போனால் போகட்டும். கீழே கிடந்த டியூபை எடுத்து அருள்முருகனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"டேங்குல விடறதுக்கு முன்னாடியே ஒங்க டியூபுல டீசல் ஏது சார்?"