துமானுக்கு முடி கொட்டும் காலம்

பிஷப்பின் கார் பாலத்தைத் தாண்டிவிட்டது என்று கோயில் மணியடிப்பவர் போனில் சொன்னபோது, ஒலிம்பியா ஈர ரப்பர் கையுறையால் கணவரின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் சில்வெஸ்த்ரு அந்த மலையடிவார ஊரின் பாதிரியார்; அவர்கள் சபையில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு அங்கி.

அவர்களுடைய நாய் துமான், கன்றுக்குட்டி உயரம். மூக்கைத் தவிர எல்லாம் வெள்ளை. கறுப்பு அங்கியில் ஒட்டிய அந்த முடி ஈர ரப்பருக்குத்தான் மசியும்.

மே மாதம் வந்தால் துமான் உள்முடியை உதிர்க்கும். வாசலில் நிறுத்தி இரும்புச் சீப்பால் சீவினால் ஒரு சாக்கு நிறையும். நிமிர்ந்து பார்த்தால் நாய் அதே பருமனில் நிற்கும்.

மொட்டையடித்துவிடலாமா என்று கேட்டதற்கு மாட்டு டாக்டர் முறைத்தார். "வெயிலுக்கும் அதுதான் அவனுக்குப் போர்வை. சீவுங்க. சீவிக்கிட்டே இருங்க."

சீவிக்கொண்டேதான் இருந்தார்கள். இரண்டாவது வேக்குவம் கிளீனரும் ஈஸ்டருக்கு முன்பே உயிரை விட்டிருந்தது. அந்த வருடம் ஊர்க்குருவிகள் எல்லாம் மெத்தை போட்ட கூட்டில் குஞ்சு பொரித்தன.

கையை முத்தமிட வரும் பெண்கள், அப்படியே பாதிரியாரின் சட்டைக் கையிலிருந்து ஒரு முடியையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். போன ஞாயிறு தூபப் புகைக்கு நடுவே ஏதோ வெள்ளையாக மிதந்து இறங்கியது. முன்வரிசை பரஸ்கிவா பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில்தான் பிஷப் மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

நகரத்துப் பெரிய கோயிலுக்கு சில்வெஸ்த்ருவை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறார். அவருக்குத் தூசி ஆகாது. போகிற வீட்டிலெல்லாம் சாமி படச் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார்.

"உங்க குரலுக்கு இந்த ஊர்க் கோயில் பத்தாதுங்க" என்று ஒலிம்பியா சொல்லியிருந்தாள்.

"நீயும் எத்தனை வருஷம்தான் விறகடுப்போட மல்லுக்கட்டுவே? அங்க குழாயைத் திறந்தா வெந்நீர்" என்று அவரும் சொல்லியிருந்தார்.

நகரத்தில் கொடுக்கிற வீடு மூன்றாவது மாடி. துமானை மலைமேல் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் மாமாவிடம் விட்டுவிடலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். பேசும்போது இருவருமே நாயைத் தடவிக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

காலையிலேயே துமானை விறகுக் கொட்டகையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாயிற்று.

பிஷப் வந்தார். மாதா படச் சட்டத்தில் விரலை ஓட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது.

"வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க அம்மா."

கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சில்வெஸ்த்ரு பின்பக்கம் போய்வந்தார். சூப் ஊற்றியாயிற்று. புளிப்பு க்ரீமை மறந்துவிட்டேன் என்று ஒலிம்பியா பின்பக்கம் போய் எடுத்துவந்தாள்.

ஜெபம் முடிந்து, பிஷப் முதல் கரண்டியைத் தூக்கிய நேரம், கதவு மெல்லத் திறந்தது.

துமான் உள்ளே வந்தது. சாப்பாட்டு அறையின் நட்டநடுவில் நின்றது. தலையில் தொடங்கி வால் நுனிவரை ஒரே ஒரு உதறல்.

ஜன்னல் வெயிலில் மேசை தெரியவில்லை. மே மாதத்தில் பனி கொட்டியது.

அது அடங்க வெகுநேரம் பிடித்தது. பிஷப்பின் அங்கி சாம்பல் நிறமாகியிருந்தது. தாடியில் எது அவருடையது, எது துமானுடையது என்று சொல்ல முடியவில்லை. துமான் போய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

பிஷப் நாக்கு நுனியிலிருந்து ஒரு முடியை எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவரும் நகரத்துக்கு வருவாரா?"

"வராம எப்படி ஆண்டகை? எங்க கட்டில்லதான் தூங்குவான்" என்றார் சில்வெஸ்த்ரு.

ஒலிம்பியா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சூப்பில் மிதந்ததைக் கரண்டியால் ஓரம்கட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க கோயில்ல இப்பதான் புதுசா சிவப்புக் கம்பளம் போட்டிருக்கு" என்றார் பிஷப்.

"சிவப்பா?" சில்வெஸ்த்ரு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "சிவப்புல பளிச்சுனு தெரியுமே."

பிஷப் மூன்று முறை தும்மினார். எழுந்தார். "பார்க்கலாம்" என்றார். அவர் 'பார்க்கலாம்' என்று சொன்ன எதையும் பிறகு பார்த்ததாக அந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவில்லை.

கார் பாலத்தைத் தாண்டும்வரை இருவரும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் துமான் நின்றது.

"மனசைத் தளர விடாதே. எப்படித்தான் வெளியே வந்தானோ" என்றார் சில்வெஸ்த்ரு.

"பழைய தாழ்ப்பாள்தானேங்க. தானா கழண்டிருக்கும்" என்றாள் அவள்.

அவர் ரொம்ப வேகமாக ஆமாம் என்றார். பிறகு சீப்பைத் தேடிக்கொண்டு உள்ளே போனார், வாய்க்குள் ஏதோ பாட்டு.

ஒலிம்பியா பாத்திரம் கழுவப் போனாள். க்ரீம் எடுக்கப் போனவள் நேரே விறகுக் கொட்டகைக்குத்தான் போனாள் என்பதை அவள் சொல்லவில்லை. தாழ்ப்பாளை விலக்கக் கையை நீட்டியபோது அது ஏற்கெனவே விலகியிருந்தது. உள்ளே துமான், பிஷப்புக்கென்று வைத்திருந்த பன்றிக்கால் துண்டை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் வந்துபோனவர் ஒருவர்தான்.

தாழ்ப்பாளில் அவள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால் வாலிலிருந்து கழுத்துவரை, எதிர்ப்பக்கமாக, முடி முழுக்க எழும்பி நிற்கும்படி நன்றாகத் தேய்த்துவிட்டாள். எலும்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு, அதன் காதில் சொன்னாள்:

"போடா, உன்னைச் சாப்பிடக் கூப்பிடறாங்க."