எலுமிச்சையில் வெந்த மீன்

“இது வெந்துச்சா, வேகலையா? அதை மட்டும் சொல்லுங்க.”

மூன்றாம் மேசைக்காரர் இரண்டு விரலால் தட்டை மேசையின் விளிம்புவரை தள்ளிவிட்டுக் கேட்டார். சர்வர் சமையலறைக்குப் போய் மாஸ்டரையே கையோடு அழைத்து வந்துவிட்டார்.

மாஸ்டருக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. பதினோரு வருடமாக இந்த ஓட்டலில் மீனைப் பொரித்துப் பொரித்து அலுத்துப்போய், முதலாளியிடம் மன்றாடி மெனு அட்டையில் ஏற்றிய ஒரே புது அயிட்டம் இது. நாலு நாளாக ஒரு தட்டுகூட நகரவில்லை. “இன்னைக்கு மதியம் வரைக்கும் பார்ப்போம். போகலேன்னா அட்டையிலிருந்து எடுத்துடலாம். நீங்க பழையபடி வாணலிக்கே போயிடுங்க” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். நாலு நாளில் இதுதான் முதல் ஆர்டர். வாய்த்த ஆளும் இப்படி.

“வெந்திருக்கு சார். அடுப்புல இல்ல, எலுமிச்சைச் சாறுல.”

“சாறுல எப்படிங்க வேகும்? தட்டு ஜில்லுன்னு இருக்கு! அட்டையில ‘வெந்த மீன்’னு போட்டிருந்ததை நம்பித்தானே கேட்டேன்?”

“நல்லாப் பாருங்க சார். கண்ணாடி மாதிரி இருந்த மீன் வெள்ளையாயிடுச்சு. சதை இறுகிடுச்சு. சூடு பண்ற வேலையைப் புளிப்பு பண்ணிடுச்சு. அதான் வெந்ததுன்னு போட்டேன்.”

“ஊறின மீன்னு போட வேண்டியதுதானே?”

“ஊறினதுன்னா, அப்புறமா அடுப்புல ஏத்துவாங்கன்னு நினைச்சுப்பாங்க. பதப்படுத்தினதுன்னா, உப்புல மாசக்கணக்கா கிடந்ததுன்னு நினைச்சுப்பாங்க. இது வெறும் கால் மணி நேரம் சார். நானும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன், வேற பேர் கிடைக்கலை.”

“சரி, வெந்ததுன்னே வெச்சுக்கலாம். கிருமி செத்திருக்குமா?”

மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு குறையால்தான் பாவம், பதினோரு வருடமும் வாணலியடியிலேயே கிடந்தார்.

“சாகாது சார். அதுக்குத் தீ வேணும். அதனாலதான் பழைய மீன்ல இதைப் பண்ணவே கூடாது. இது இன்னைக்கு விடிகாலையில பிடிச்ச மீன்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“என்ன சார், போலீஸ் மாதிரி கேக்கறீங்க? தோலுரிச்சு, முள்ளெடுத்து, துண்டு போட்டு ஐஸ் பெட்டியில வருது. பெட்டி மேலேயே தேதி எழுதியிருக்கு.”

“தேதி எழுதறதுக்கென்னங்க? யார் வேணா எழுதலாம்.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வாயில் வைத்துப் பார்க்காமலே ஒரு மனுஷன் இத்தனை நொட்டை சொல்வானா?

மூன்றாம் மேசைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க. இதையே கொஞ்சம் பொரிச்சுக் குடுத்துடுங்க. நல்லா, மொறுமொறுன்னு. கொஞ்சம் கருகினாக்கூடப் பரவாயில்லை.”

பக்கத்து மேசையில் ஏதோ அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர், மெனு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தட்டு திரும்பி உள்ளே போனால் கதை கந்தல் என்று மாஸ்டருக்குத் தெரிந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார்.

“ஐயையோ, நீங்க எதுக்குங்க?” என்று மூன்றாம் மேசைக்காரர் அவர் கையைப் பிடித்தேவிட்டார். “நான் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க!”

“விடுங்க சார். சமைச்சவனே சாப்பிடலேன்னா வேற யார் சாப்பிடுவாங்க?”

ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று துண்டு. தட்டிலிருந்த ஒன்பது துண்டையும் நிதானமாக மென்று விழுங்கினார். அடியில் தேங்கியிருந்த சாற்றைத் தட்டோடு தூக்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். எதிரே இருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“மாஸ்டர், எங்களுக்கு ஆளுக்கொரு தட்டு!” என்றது பக்கத்து மேசை. ஜன்னலோரம் இருந்த தம்பதியும் விரலைக் காட்டி இரண்டு என்றார்கள். மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டுத் தட்டையும் தாமே தயார் செய்து, தாமே கொண்டுபோய் வைத்தார்.

மூன்றாம் மேசைக்காரர் பக்கத்து மேசைப் பக்கம் சாய்ந்து, “சூடா ஏதாவது சாப்பிடலாமேங்க” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி சார்!” என்று அவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். சந்தோஷத்தில் அந்த மனுஷர்மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது.

“உட்காருங்க சார். உங்களுக்குப் பொரிச்சே கொண்டு வர்றேன்.”

“இல்லைங்க, ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துடுச்சு.” அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி எழுந்து, வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

வாசலில் முதலாளியின்மேல் போய் முட்டிக்கொண்டார்.

முதலாளி முதலில் மேசைகளைப் பார்த்தார். காலியாகிக்கொண்டிருந்த எட்டுத் தட்டுகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. பிறகு முட்டியவரைப் பார்த்தார். அவர் தோளில் கையைப் போட்டு, மறுபடியும் உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார்.

“அடடே, ஒரு வருஷமா சாப்பிட வாங்க வாங்கன்னு கூப்பிடறேன், இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா? மாஸ்டர், இவரைத் தெரியலையா? நமக்குத் தினமும் மீன் பெட்டி அனுப்பறவர் இவர்தான்!”