மருமகளின் ஃபைல்

“எம் பொண்டாட்டி விஷயத்த எங்கிட்டயே சொல்ல மாட்டீங்களா?”

அவன் மேசையைத் தட்டிக் கேட்டான். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

இருப்பது இரண்டும் பெண். மூன்றாவது ஏன் இன்னும் தங்கவில்லை என்று அவனுக்கு இன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

டாக்டரம்மாவுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், இரண்டாவது குழந்தையை எடுத்த கையோடு கருத்தடை ஆபரேஷனையும் செய்தது அவர்தான். இன்னொரு பிரசவத்தை அந்த உடம்பு தாங்கியிருக்காது. வேண்டும் என்று கேட்டது அந்தப் பெண்தான். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர் என்றும் கேட்டுக்கொண்டாள்.

சட்டப்படி அவள் சம்மதம் போதும். புருஷன் கையெழுத்து தேவையில்லை. அவளைக் கேட்காமல் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவும் கூடாது.

அதற்காகப் பொய் சொல்லவும் டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை.

“யாரோட ஃபைலா இருந்தாலும் அவங்களக் கேக்காம பேச மாட்டேங்க. உங்க ஃபைலா இருந்தா, உங்க சம்சாரம் வந்து கேட்டாலும் இதேதான்.”

அவன் பார்வை மேசைக்குப் போனது. பேரைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் தேடி எடுத்து வைத்த ஃபைல், அவன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

சட்டென்று கையை நீட்டினான்.

டாக்டர் பதறி எழுவதற்குள் அவன் அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடா. கோழி கிண்டின மாதிரி எழுதி வச்சிருப்பாங்க, அதப் பாத்து என்னத்தக் கிழிக்கப்போற? எந்திரி, போலாம். பெரிய டாக்டரு!”

வாசல்வரை பொரிந்து தள்ளிக்கொண்டே மகனை இழுத்துப் போனாள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

இந்த வாயோடு அந்தப் பெண் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்றிருந்தது டாக்டருக்கு.

கதவைச் சாத்திவிட்டு வந்து ஃபைலைத் திறந்தார். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று குறித்து வைக்க வேண்டும்.

வெற்றுத்தாள் தேடிப் புரட்டியபோது ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம் வந்தது. அன்றைக்கு அதில் கையெழுத்து வாங்கியது நர்ஸ். டாக்டர் இதுவரை அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

நோயாளியின் கையெழுத்துக்குக் கீழே சாட்சியின் கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் போட்டது போல, பெரிய பெரிய எழுத்துகள்.

பக்கத்தில், உறவு என்ற கட்டத்தில், நர்ஸ் எழுதியிருந்தாள்: மாமியார்.