படுத்த படுக்கையாக ஒரு சேகரிப்பாளர்

"மூன்று முறை பங்குபோட்டு, வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்ட நாடு நம் போலந்து. இன்னொரு முறை அழித்தாலும், ஊர் ஊராக அதைத் திரும்ப வரைந்துவிட நம்மிடம் உள்ள பட அஞ்சலட்டைகள் போதும்!"

குட்னோ நகரத் தற்காலப் பட அட்டைச் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் செவெரின், மேசையைத் தட்டி இப்படி முழங்கினார். கைதட்டல் எழவில்லை. எல்லார் கையிலும் கசகசா கேக் இருந்தது.

"கேக்கைக் கீழ வைங்க. நமக்குள்ள ஒரு களவாணி இருக்கான்."

நூலகத்து மாடியறையில் தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தத்தம் தேநீர் கிளாசுக்குள்ளேயே எதையோ தேடினார்கள்.

இந்தச் சங்கத்தார் பழைய அட்டைகளைத் தொடமாட்டார்கள். அது காசுள்ளவன் பொழுதுபோக்கு. இவர்களுக்கு வேண்டியது இந்த வருஷத்து அட்டை. ஏரி, மாதா கோயில், நாரைக்கூடு என்று அந்தந்த ஊராட்சி அலுவலகமே தன் பெருமைக்காக அச்சடிப்பது. கடையில் கிடைக்காது. எழுதிக் கேட்டால் இனாமாக வரும்.

வந்துகொண்டிருந்தது, இந்த வசந்தம் வரை. பிறகு நின்றுவிட்டது. கண்காட்சிக்காகச் சங்கத்தின் முத்திரை குத்திக் கேட்டும் ஓர் அட்டை வரவில்லை. வந்தது ஒரே ஒரு பதில்தான். தலைவர் அதை உரக்க வாசித்தார்:

"தங்கள் ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு குழந்தைக்கு எங்கள் கையிருப்பு முழுவதையும் அனுப்பிவிட்டோம். அக்குழந்தையிடமே கேட்டுப் பார்க்கவும்."

"மாதாவே!" என்றார் செலினா. மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர்.

"விசாரிச்சுட்டேன். அப்படி ஒரு குழந்தையே ஊர்ல கிடையாது!" தலைவரின் விரல் காற்றைக் குத்தியது. "கால் விளங்காத பிள்ளை மாதிரி எவனோ எழுதி, எல்லாத்தையும் சுருட்டியிருக்கான்."

"கால் இல்லைங்க, நுரையீரல்," என்றார் செலினா. "அதாவது... அப்படின்னு கேள்வி."

"எனக்கு முதுகெலும்புன்னு சொன்னாங்க," என்றார் பொருளாளர் யூலியன், மீசையிலிருந்த கசகசாவைத் தட்டிவிட்டபடி.

வதந்தி ஆளுக்கோர் உறுப்பைப் பிடித்துக்கொள்வது எந்த ஊரிலும் உள்ளதுதான்.

பிறகு எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கடைசி நாற்காலியில் போகுஷ் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை விற்பவர். சந்தையில் அவருக்கு மேசை ஒதுக்கியது சங்கம். சங்கத்தை விட்டுப் போனால் மேசையும் போகும். அந்த மேசையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

"போன ஞாயித்துக்கிழமை உங்க மேசையில நம்ம வடக்கு மசூரியா ஏரி கார்டு ஒரு கட்டு இருந்துதே, போகுஷ் சார். அச்சு மை வாசனைகூடப் போகல. எப்படி வந்தது?"

"காசு குடுத்து வாங்கினேன் தலைவரே."

"யார்கிட்ட?"

"விக்கிறவங்க பேரை வெளிய சொல்றதில்ல. வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்காம்ல!" யூலியன் சிரித்தார். "குழந்தை பேர்ல பிச்சை எடுக்கலாம், வாக்கு மட்டும் மீறக்கூடாது."

"அந்தப் பாவம் சும்மா விடாது," என்றார் செலினா. "நோயாளிப் பிள்ளையை வச்சு வயிறு வளக்கறதுக்கு வேற எதாவது செய்யலாம்."

போகுஷ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தலைவரே, இதை இத்தோட விட்ருங்க. எல்லாருக்கும் நல்லது."

"பாத்தீங்களா, மிரட்டுறான்!"

"மிரட்டலைங்க. மேசையை மட்டும் எடுத்துடாதீங்க. எனக்கு வேற பிழைப்புத் தெரியாது."

"பிழைப்பு வேற, நாடு வேற!" தலைவர் எழுந்து நின்றார். "போகுஷைச் சங்கத்தைவிட்டு நீக்கச் சம்மதம்னா, கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. தலைவரின் கை எல்லாவற்றிலும் உயரம். கண்காட்சித் திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே மாதக்கணக்கில் சண்டை போட்ட சங்கம் இது. இன்று போகுஷைத் தவிர இறங்கியிருந்த கை ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. நனைந்த மழைக்கோட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும். மாவட்டச் சுகாதார அலுவலகத்திலேருந்து வர்றேன்." மூச்சு வாங்கினார். "நாடு முழுக்க ஊராட்சி ஆபீஸ்கள்லேருந்து எங்களுக்குப் போன் மேல போன். இந்த ஒரே ஊர்ல பதினோரு பிள்ளைங்க படுத்த படுக்கையாமே? எல்லாத்துக்கும் ஒன்பது வயசு, ஆளுக்கொரு வியாதி, எல்லாமே கார்டு சேக்குது. தண்ணியில ஏதோ கோளாறுன்னு நினைச்சு, குழாய்த் தண்ணியைக்கூட சோதனைக்கு அனுப்பிட்டோம்."

தலைவர் தூக்காத கையால் அந்தப் பதில் கடிதத்தைக் கேக் தட்டுக்கு அடியில் தள்ளினார்.

"முகவரி வாங்கி ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினேன். எல்லா வீடும் பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க இங்க வந்து கேக்கச் சொன்னாங்க. எழுந்து உக்காரவே முடியாத பிள்ளைங்க எங்கதாங்க போகும்?"

கையை இறக்குவதா, அப்படியே வைத்திருப்பதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. போகுஷ் மட்டும் எழுந்தார். உயர்ந்திருந்த கைகளை, தலைவரின் கையிலிருந்து தொடங்கி, விரல்விட்டு நிதானமாக எண்ணினார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பதினொண்ணும் இங்கதான் இருக்கு மேடம்."