கண்பட்டை

பெண்ணழைப்புக்கு வந்த சாரட்டு வண்டி வாசலில் நின்றது. அனுசுயாவுக்குக் கால்தான் நகரவில்லை.

"கடைவீதி வேணாம் தென்றல். சந்து வழியா மண்டபத்துக்குப் போயிடலாம். அரியலூரே கூடி நின்னு பேசும்."

"பேசட்டுமேம்மா! கல்யாணம்தானே பண்றோம், களவா பண்றோம்?" என்று மகள் சிரித்தாள்.

அனுசுயா குதிரையைப் பார்த்தாள். கடிவாளத்தின் இரண்டு பக்கமும், கண்ணோரத்தை மறைத்தபடி தோல் மடல்கள் இருந்தன.

"இது எதுக்குண்ணே?"

"கண்பட்டைங்க" என்றார் வண்டிக்காரர் வீரமுத்து. "பக்கத்துல யாராச்சும் கையக் காட்டினாக்கூட குதிரை மிரண்டுடும். இதப் போட்டுட்டா நேரா இருக்குற வழி மட்டுந்தான் தெரியும்."

அனுசுயா அந்தத் தோல் மடலை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

தென்றல் தன் கைக்குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அம்மாவின் கழுத்தில் புரண்டிருந்த கல்யாண மாலையைச் சரிசெய்தாள்.

"அப்பா போனதுலேருந்து ஊருக்குப் பயந்தே இருந்துட்ட. போதும், ஏறும்மா. மாப்பிள்ளை உனக்காகக் காத்துக்கிட்டிருக்கார்."

அனுசுயா வண்டியில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்து வாசல்களில் நின்றவர்களை அவள் பார்க்கவில்லை.

"கடைவீதி வழியாவே போங்கண்ணே."