அப்பளப் பனி

அறையில் மூன்று பேர்.

கதவுக்கு நேர் எதிரே, ஸ்டவ்வை ஒட்டி ஹவில்தார் ஜெபசிங். இடப்பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கம்பளிகளுக்குள் பேச்சிமுத்து. படுத்தால் மூச்சு வருவதில்லை. இரண்டு நாளாக உட்கார்ந்தே இருக்கிறான். மூன்றாவது ஆள், மண்ணெண்ணெய் டின்னின் மேல், அவன். வலது காலை நீட்டி, மடியில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட ஒரு தாள்.

கதவோரம் மூன்று ஜோடி பனிச்சறுக்குக் கட்டைகள்.

வெளியே, பதினாலாயிரம் அடி உயரத்தில், விடிந்திருந்தது.

பாதையைப் பனி மூடி ஆறு நாள். வயர்லெஸ் நான்கு நாளாகப் பேசவில்லை. பேச்சிமுத்துவின் நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். யாராவது கீழ் முகாமுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இன்றைக்கே.

ஜெபசிங் போவதாகச் சொல்லிவிட்டார்.

எந்தக் கட்டையில் போவது என்று மட்டும் அவனிடம் கேட்டார்.

கேட்க வேண்டிய ஆள் அவன்தான். எல்லாப் பனிக்கும் ஒரே ஜோடி போதுமா, போதுமென்றால் எது என்று ஓட்டிப் பார்த்து எழுதச் சொல்லி மேலே அனுப்பியிருந்தார்கள். கோவில்பட்டிப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். குறுக்கே மூன்று கட்டைகள். நெடுக்கே நான்கு பனிகள்.

பனிகளுக்கு மூவருமாகப் பேர் வைத்தார்கள். புதிதாய் விழுந்து முழங்கால்வரை புதைவது மாவு. இறுகிப் போய் வழுக்குவது கண்ணாடி. வெயிலில் இளகுவது கூழ். மேலே மட்டும் காற்றில் காய்ந்து, உள்ளே பொலபொலவென்று கிடப்பது அப்பளம். அந்தப் பேரைச் சொல்லிப் பசியைக் கிளப்ப வேண்டாம் என்று பேச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

அப்போது அவனுக்குச் சிரிக்க மூச்சு இருந்தது.

ஒடுக்கமான ஜோடி கண்ணாடியில் கத்திபோல் பிடித்தது. மாவில் மூழ்கியது.

அகலமான ஜோடி மாவில் மிதந்தது. கண்ணாடியில் நிற்கவில்லை.

நடு ஜோடி எதிலும் முதலிடம் இல்லை. எதிலும் தோற்கவில்லை.

அப்படித்தான் எழுதியிருந்தான்.

மேலே வந்த ஒன்பதாம் நாள் சுத்தப் பிரதி எடுத்தான், மையில். நடு ஜோடியை அப்பளத்தில் மட்டும் இன்னும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. மற்ற மூன்றிலும் தாங்கிய கட்டை இதில் மட்டும் என்ன செய்துவிடும். நான்காவது கட்டத்திலும் நன்று என்று எழுதினான்.

பத்தாம் நாள் ஓட்டிப் பார்த்தான்.

திரும்பும்போது பனியின் மேலோடு உடைந்தது. கட்டையின் நுனி உள்ளே செருகிக்கொண்டது. கட்டை நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை.

தவழ்ந்து அறைக்கு வந்தவன், வாசல் படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னான்.

அடித்தல் திருத்தல் இல்லாத தாள். ஒரு வார்த்தையை அடிக்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து பனியை உருக்குவதும், கஞ்சி வைப்பதும், அவன் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதும் ஜெபசிங்தான். வாசல் படியைக்கூட மண்வெட்டியால் கொத்திச் சமன் செய்திருந்தார்.

இப்போது அவர் குனிந்து அட்டவணையைப் பார்த்தார்.

"நடுச்சரிவு பூரா அப்பளமால்லா கெடக்கும்."

நடு ஜோடியின் கீழே அவர் விரல் இறங்கியது. நன்று. நன்று. நன்று. நன்று.

"அப்ப சரி" என்றார். போகிற போக்கில் ரிப்போர்ட்டையும் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு பூட்ஸ் கயிற்றை முடியத் தொடங்கினார்.

சொன்னால் அகல ஜோடியை எடுப்பார். சரிவின் அடியில் ஓடை முழுக்கக் கண்ணாடி. இல்லையென்றால் போகவே மாட்டார். பேச்சிமுத்து நாளைவரை தாங்க மாட்டான்.

இப்படியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

சொன்னால் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பேச்சிமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அல்லது கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

மை உறைந்திருந்தது. பேனாவைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டான். இளகட்டும். ஜெபசிங் ஒரு காலை முடித்து மறு காலுக்கு வந்திருந்தார்.

நான்காவது நன்றை அடித்தான்.

ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினான். இதில் விழுந்தேன். ஓட்டத்தில் திரும்பக் கூடாது. நேரே போய், நின்று, கட்டையைத் தூக்கி வைத்துத் திரும்பவும். வாசல் படியில் வழுக்கவில்லை.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டான். பசையை நாவால் நனைத்து ஒட்டினான். விளிம்பை நகத்தால் இரண்டு முறை நீவினான்.

அனுப்புநர் இடத்தில் தன் பெயர், எண்.

பெறுநர் இடத்தில் கீழ் முகாம் அதிகாரி என்று வர வேண்டும்.

ஹவில்தார் ஜெபசிங் என்று எழுதினான்.

நீட்டினான்.

"மேல எழுதியிருக்கத ஒருதரம் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

"நீ எழுதுனதுல என்னல பாக்க."

அவர் பார்க்கவில்லை. உறையைக் கோட்டின் உள்பைக்குள் செருகி ஜிப்பை இழுத்தார். பேச்சிமுத்துவின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். நடு ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு, சமன் செய்த படியில் கவனமாக இறங்கினார்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே, டக் என்று ஒரு பூட்ஸ் கட்டையில் மாட்டும் சத்தம்.

இன்னொன்று பாக்கி இருந்தது.

அவன் வலது காலைத் தரையில் ஊன்றினான்.