பெருவிரல் நகம்

துரைப்பாண்டியின் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு திட்டு. "ரத்தக்கட்டுன்னா நகம் வளர வளர முன்னால நகந்துரும். நகரலைன்னா வெட்டி கேன்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். "எங்கயாச்சும் இடிச்சிருப்பேன்" என்று மனைவி செண்பகவல்லியிடம் சிரித்தான். எங்கே என்றுதான் அவனுக்கு நினைவில்லை. அன்றிலிருந்து, அவன் எழுந்திருக்கும் முன்பே அவள் போர்வையை விலக்கிப் பார்த்துவிடுவாள். இன்று நகம் முளைக்கும் இடத்துக்கும் திட்டுக்கும் நடுவே நூலளவு வெளுப்பு தெரிந்தது. ஜன்னல் வெளிச்சமாகவும் இருக்கலாம். பாதத்தை மெல்ல நிழல் பக்கம் திருப்பினாள். அது நடுங்கியது. தூங்குகிறான் என்று அவள் நினைத்திருந்தவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "நகந்திருக்கா, செண்பகம்?" அவள் பாதத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "ஆடாம இருங்க. பாக்கிறேன்."